நாற்பத்தேழாவது வினாடி

கால் இன்ச் ஆசாமி என்று ஓர் இனம் உண்டு. விலங்கியல் புத்தகத்தில் தேட வேண்டாம். உங்கள் அடுக்ககத்திலேயே ஒருவர் இருப்பார். பார்த்தால் சாது. மாடிப்படியில் ஒதுங்கி நின்று வழிவிடுவார், தண்ணீர் லாரி வந்தால் எல்லா வீட்டுக்கும் போன் போட்டுச் சொல்வார், விசேஷத்துக்குக் கூப்பிட்டால் நேரத்துக்கு வந்து நாலாவது வரிசையில் அடக்கமாக உட்காருவார். ஆனால் அவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்து, "இதைக் கொஞ்சம் அங்கே வையுங்கள்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வைப்பார். இரண்டடி பின்னால் போவார். தலையைச் சாய்த்துப் பார்ப்பார். திரும்பி வந்து கால் இன்ச் நகர்த்துவார். மறுபடியும் பின்னால் போவார். அந்தப் பொருள் நாற்காலியாக இருந்தால் அதில் இனி யாரும் உட்கார முடியாது. காலண்டராக இருந்தால் அது நேராக நிற்பதற்குள் மாதம் முடிந்துவிடும்.

இந்த இனத்தில் கிளைகள் பல. ரோஜாத் தொட்டியை வெயிலுக்குத் தகுந்தபடி மொட்டைமாடியெங்கும் இழுத்துக்கொண்டு திரிகிறவர் உண்டு. பைக் கண்ணாடியைத் திருகித் திருகியே அலுவலகத்துக்குத் தாமதமாகப் போகிறவர் உண்டு. ஆனால் இனத்தின் முழு வளர்ச்சியையும் ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமென்றால், சின்ன அறையில் பெரிய ஸ்பீக்கர் வைத்திருக்கிறவரிடம்தான் போக வேண்டும். சேலையூரில் இரண்டாவது மாடியில் குடியிருக்கும் கிட்டு அப்படிப்பட்டவர்.

கிட்டு பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் முப்பது வருஷம் எஞ்சினியரிங் டிராயிங் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கோடு கோணலாக இருந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற சமயம் பார்த்து மகள் மிருதுளாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. அவள் படித்த பத்தடிக்கு ஒன்பதடி அறை காலியானது. மனைவி ரமா இன்னும் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த அறையில் தையல் மெஷினைப் போடலாம், ஜன்னலோரம் ஒரு மேஜை போட்டு விடைத்தாள் திருத்தலாம் என்று நினைத்திருந்தாள். நினைத்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றும் பாதி பீரோ உயரம்.

"வாழ்க்கை பூரா பக்கத்து வீட்டு டீவியையும் கல்யாண மண்டபத்து மேளத்தையும் கேட்டாச்சு. இனிமேயாவது நல்ல பாட்டு கேக்கணும் ரமா," என்றார் கிட்டு.

நியாயமான ஆசைதானே? ரமாவும் அப்படித்தான் நினைத்தாள். அவர் பாட்டுக் கேட்பார் என்று நம்பினாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. காலை இட்லி ஆனதும் கிட்டு அறைக்குள் போவார்; போவார் என்றால் பக்கவாட்டில் நுழைவார், ஏனென்றால் ஸ்பீக்கர் சுவரை ஒட்டி நின்றால் அடிக்குரல் குழம்புகிறது என்று மூன்றடி தள்ளி, அதாவது ஏறக்குறைய அறையின் நடுவில், இரண்டையும் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறார்; மிச்சமிருக்கும் இடத்தில் ஒரே ஒரு நாற்காலி; அதிலும் இரண்டு காதும் இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிசமமான தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால், சவரக் கடையில் கத்தி கழுத்தில் இருக்கும்போது உட்கார்ந்திருப்போமே, அப்படி உட்கார வேண்டும். இன்ச் டேப்பை இழுப்பார். கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டத்தை ஒவ்வொரு ஸ்பீக்கரின் தலையிலும் வைத்து, குமிழி நடுவில் நிற்கிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார். ஜன்னல் திரையை முழுக்க இழுத்தால் குரல் மங்குகிறது, திறந்துவிட்டால் கண்ணாடி அதிர்கிறது, ஆகவே ஐந்தில் மூன்று பங்கு இழுப்பார். பிறகு ஸ்பீக்கர்களின் மூக்கை உள்பக்கம் திருப்புவார். அதிகமாகத் திரும்பிவிட்டால் வெளிப்பக்கம் திருப்புவார். உட்காருவார். பாட்டைப் போடுவார். முகத்தைச் சுளிப்பார். எழுந்திருப்பார்.

பாட்டு? அது நின்றுபோயிருக்கும்.

ஸ்பீக்கர் நின்ற இடங்களுக்கெல்லாம் தரையில் வண்ண வண்ண டேப் ஒட்டித் தேதியும் எழுதி வைத்திருந்தார். "என்ன இது, போலீஸ்காரங்க பாடி கிடந்த இடத்துல கோடு போட்டு வெச்ச மாதிரி," என்று ரமா ஒருநாள் கேட்டாள். துடைப்பம் பட்டு இடது ஸ்பீக்கர் ஒரு நூல் நகர்ந்துவிட்டதை அவர் கண்டுபிடித்துச் சொன்ன நாளிலிருந்து அவள் அந்த அறையைப் பெருக்குவதை விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வருகிறவர்களுக்கும் ஒரு சடங்கு உண்டு. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்த ரமாவின் சித்தப்பா, தாம்பாளத்தைக் கீழே இறக்குவதற்கு முன்பே அந்த நாற்காலிக்குக் கொண்டுபோகப்பட்டார்.

"கண்ணை மூடிக்கோங்க. தலையை ஆட்டாதீங்க. குரல் எங்கேருந்து வருது?"

சித்தப்பா வலது ஸ்பீக்கரைக் கைகாட்டினார்.

"நல்லா கேளுங்க. நடுவுல இல்ல?"

"நடுவுலதான்."

"கொஞ்சம் மேல?"

"மேலதான்."

"எவ்வளவு மேல?"

சித்தப்பாவுக்கு இன்னும் பதினோரு வீடு பாக்கி இருந்தது. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று எழுந்துவிட்டார். அவர் படியிறங்குவதற்குள் வலது ஸ்பீக்கர் இடம் மாறியிருந்தது.

இத்தனைக்கும் கிட்டு பயன்படுத்தியது ஒரே பாட்டு. ஸ்பீக்கர் பித்துப் பிடித்தவர்கள் கூடியிருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ அனுப்பியது. பாடியவர் பெயர்கூட அதில் இல்லை. முதலில் தம்பூரா. அதன்மேல் ஒரு பெண்குரல், வார்த்தை எதுவுமில்லாமல் வெறும் முனகலாக. முப்பத்தோராவது வினாடியில் மிருதங்கத்தின் இடப்பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. அது 'தொம்' என்று விழுந்தால் ஸ்பீக்கர் சுவருக்குக் கிட்டே போய்விட்டது, 'தும்' என்று விழுந்தால் சரி. நாற்பத்தேழாவது வினாடியில் அந்தப் பெண் மூச்சை உள்ளே இழுக்கிறாள். அந்த மூச்சுதான் பரீட்சை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கும் உயரத்தில், கன்னத்தில் படுகிற மாதிரி அது கேட்க வேண்டும். கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, கிட்டு அந்த இடத்தில் பாட்டை நிறுத்திவிடுவார். ஒருநாளைக்குப் பதினைந்து தடவை. மனசு சரியில்லாத நாட்களில் இருபது.

அந்த அறைக்கும் பக்கத்து வீட்டுப் படுக்கையறைக்கும் நடுவே ஒரே சுவர். அந்த வீட்டில் இருந்தது செல்வமேரியும் அவர் கணவர் எலியேசரும். செல்வமேரி அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அடுக்ககம் முழுக்க அவரை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடும். எலியேசர் ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். போன மாசம் கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது செல்வமேரி விழுந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பாத்ரூமுக்குப் பக்கமாக இருக்கட்டும் என்று எலியேசர் கட்டிலை இழுத்துப் போட்டது, சரியாக அந்தச் சுவரை ஒட்டி.

இது தெரிந்த அன்றே ரமா கணவரை எச்சரித்தாள். "சிஸ்டர் படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்ககிட்டேருந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்துதுன்னா நான் உங்க பக்கம் நிக்க மாட்டேன். அன்னிக்கே ரூமைக் காலி பண்ணிடணும்."

ரமா இப்படியெல்லாம் பேசுகிறவள் அல்ல. பேசினால் செய்துவிடுகிறவள். கிட்டு சத்தத்தைப் பாதியாகக் குறைத்தார். சுவரில் மிருதுளாவின் பழைய கம்பளி இரண்டைத் தொங்கவிட்டார். போனில் சத்தத்தை அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, வேளாவேளைக்கு அளந்து நோட்டில் எழுதினார். மூன்று வாரம் அமைதியாகப் போயிற்று. நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை காலையில் எலியேசர் வந்து கதவைத் தட்டினார்.

"சார், ஒரு பத்து நிமிசம் நம்ம வூட்டுக்கு வர்றீங்களா? மேரி உங்ககிட்ட இன்னாவோ பேசணுங்குது."

"என்ன விஷயமாம்?"

"அந்தப் பாட்டு விசயந்தான்."

ரமா நல்லவேளையாகப் பள்ளிக்கூடம் போயிருந்தாள். கிட்டு உள்ளே போய் நோட்டை எடுத்துக்கொண்டார். அறையின் படம் ஒன்றும் வரைந்து வைத்திருந்தார். மேலிருந்து பார்த்தது, பக்கத்திலிருந்து பார்த்தது, சுவரின் கனம் உட்பட எல்லா அளவும் போட்டது. அதையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஹால் டிக்கெட்டை மறந்துவிட்டு வந்த மாணவனைப் போலப் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

செல்வமேரி மூன்று தலையணையில் சாய்ந்து படுத்திருந்தார். கிட்டு உட்காரவில்லை. படத்தை விரித்தார்.

"சிஸ்டர், நான் ரொம்ப ஜாக்கிரதையாத்தான் வெக்கறேன். உங்க சுவர்கிட்ட சத்தம் ஐம்பது டெசிபலைத் தாண்டறதே இல்ல. ரெண்டு பேர் சாதாரணமா பேசற அளவுகூட இல்ல. பாருங்க, தேதிவாரியா எழுதியிருக்கேன்."

செல்வமேரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்தை வாங்கி, எக்ஸ்ரேயைப் பார்ப்பதுபோல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"சத்தத்தப் பத்தி யாரு சார் பேசினாங்க? நான் வார்டுல இருந்தவ. பக்கத்துல இடி விழுந்தாலும் தூங்குவேன்."

"அப்போ?"

"ஒரு தபாவாவது முழுசா போடுங்க சார்."

கிட்டுவுக்குப் புரியவில்லை.

"தினம் அதே பாட்டு," என்றார் செல்வமேரி. "ம்ம்ம்னு இழுக்குது. அப்புறம் தும்முனு ஒரு தட்டு. அப்புறம் அந்தப் பொண்ணு பாடறதுக்கு மூச்சை இழுக்குது. நானும் இங்க படுத்துக்கினு அது கூடவே மூச்ச இழுக்கறேன். அங்க நிறுத்திப்புடறீங்க. அது மூச்சும் வெளிய வரல, என் மூச்சும் வெளிய வரல. நாலு வாரமா இப்படியே கீது. கால்வலிகூட பரவால்ல சார்."

நியாயமாகக் கிட்டு வெட்கப்பட்டிருக்க வேண்டும். நீங்களும் நானும் வெட்கப்பட்டிருப்போம். அவர் முகமோ விளக்குப் போட்டதுபோல ஆயிற்று.

"அந்த மூச்சு உங்களுக்குக் கேக்குதா சிஸ்டர்? இந்தப் பக்கம்? சுவத்தைத் தாண்டி? கம்பளியைத் தாண்டி?"

"கேக்குதுன்றேன்ல."

"எந்த இடத்துல கேக்குது? நடுவுலயா?"

எலியேசர் குறுக்கே புகுந்தார். "சார், அது கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க சார் மொதல்ல."

"அதத்தான் நானும் கேக்கறேன்," என்றார் செல்வமேரி. "மூச்ச இழுத்த அப்புறம் அது இன்னாதான் பாடுது? அதயாவது சொல்லிட்டுப் போங்க."

கிட்டு வாயைத் திறந்தார். தம்பூரா தெரியும். முப்பத்தோராவது வினாடி தெரியும். அந்தப் பெண்ணின் மூச்சு எத்தனை அடி தள்ளி, எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று தெரியும். அந்த மூச்சை இழுத்துக்கொண்டு அவள் என்ன சொல்லப்போகிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. ஒருநாள்கூட அவளைச் சொல்லவிட்டதில்லை.

"அது வந்து... ஒரு பெண்குரல்," என்றார்.

"பாட்டு உங்க பாட்டுதான சார்?" என்று கேட்டார் எலியேசர். கிண்டல் இல்லை, உண்மையாகவே சந்தேகம் வந்துவிட்டது அவருக்கு.

கிட்டு படத்தைச் சுருட்டினார். சுருட்டும்போது கோணலாகப் போயிற்று. அதைக்கூடச் சரி செய்யவில்லை. "இன்னிக்கு முழுசா போடறேன் சிஸ்டர்," என்றார்.

"நாலு மணிக்குப் போடுங்க. மூணரைக்குக் காலுக்குப் பயிற்சி குடுக்க வராங்க. அது முடிஞ்சா உயிர் போற மாதிரி இருக்கும். அப்ப கேட்டா நல்லாருக்கும்."

நாலு மணிக்குக் கிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அளக்கவில்லை. ரசமட்டம் வைக்கவில்லை. பாட்டைப் போட்டார். தம்பூரா. முனகல். தும். மூச்சு.

நின்றுவிட்டது. அவர் நிறுத்தவில்லை, பத்தாயிரம் தடவை பழகிய கட்டைவிரல் நிறுத்திவிட்டது.

சுவரில் 'டொக் டொக்' என்று கேட்டது. செல்வமேரியின் கட்டிலோரம் ஊன்றுகோல் ஒன்று சாய்த்து வைத்திருந்தது அவருக்கு நினைவு வந்தது. ரிமோட்டை எடுத்து ஜன்னல் விளிம்பில் எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, முதலிலிருந்து ஆரம்பித்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார்.

மூச்சு வந்தது. அதன் பின்னாலேயே வார்த்தை வந்தது. முதல் வார்த்தை ஒரு பெயர். யாரோ ஒரு குழந்தையின் பெயர். தாய்மாமன் வருவான், அத்தை வருவாள், வருகிறவர்கள் எல்லாரும் நீ முழித்துக்கொண்டிருந்தால் கோபித்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவார்கள், அதனால் தூங்கு என்று அந்தப் பெண் குழந்தையிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தாள். தாலாட்டு. இரண்டு வருஷமாக அவர் அளந்துகொண்டிருந்தது ஒரு தாலாட்டை.

மூன்றாவது நிமிஷத்தில் இடது ஸ்பீக்கர் லேசாக வெளியே பார்ப்பதுபோல அவருக்குத் தோன்றியது. எழுந்திருக்கலாமா என்று உடம்பை முன்னால் சாய்த்தார். நாற்காலி கிறீச்சிட்டது. சுவரில் ஒரே ஒரு 'டொக்'. வார்டில் இருந்தவர்களின் காது அப்படி. கிட்டு, ஊசிக்குப் பயந்த நோயாளியைப் போலச் சாய்ந்துவிட்டார். அந்தப் பெண் இப்போது குழந்தைக்கு வாங்கித் தரப்போகிற சாமான்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். எதுவும் வாங்கித்தர மாட்டாள் என்று அவள் குரலிலேயே தெரிந்தது. கிட்டுவுக்கு ஏனோ சிரிப்பு வந்தது. குரல் எங்கே நிற்கிறது, நடுவிலா, மேலேயா என்று பார்க்க மறந்துபோனார்.

ஐந்தரைக்கு ரமா வந்து பார்த்தபோது அவர் தலை ஒரு தோளில் விழுந்து, வாய் பிளந்து, நல்ல உறக்கத்தில் இருந்தார். பாட்டு எப்போதோ முடிந்து ஸ்பீக்கர் சும்மா நின்றது. ரமா பயந்துபோய் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

சற்று நேரத்தில் எலியேசரும் வந்து வாசலில் நின்றார். "டீச்சர், சாருக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லிடுங்க. ஆபரேசன் ஆனதுலேர்ந்து பகல்ல கண்ண மூடாதது, இன்னிக்குக் கொறட்ட வுடுது," என்று ரகசியக் குரலில் சொல்லிவிட்டுப் போனார். ரமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கணவர் கையில் நோட்டும் இல்லாமல் டேப்பும் இல்லாமல் இருப்பதைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, விளக்கைப் போடாமல் கதவைச் சாத்தினாள்.

இத்தோடு கிட்டு திருந்திவிட்டார் என்று எழுதத்தான் ஆசை. ஒருவாரம் திருந்தித்தான் இருந்தார். தினம் நாலு மணிக்கு ஒரு முழுப் பாட்டு; தாலாட்டு முடிந்து வேறு பாட்டுகள், எல்லாமே கடைசி வரைக்கும். பகலெல்லாம் ரசமட்டம் அலமாரியில் கிடந்தது. எட்டாம் நாள் செல்வமேரியிடமிருந்து போன் வந்தது.

"சார், நேத்து ரொம்ப நல்லாருந்துது. இன்னிக்குப் பாடற பொண்ணு கொஞ்சம் கால்மாட்டுப் பக்கம் போயிட்ட மாதிரி கீது."

கிட்டு எழுந்து நின்றுவிட்டார். "எவ்வளவு சிஸ்டர்?"

"ஒரு ஜாண் இருக்கும்."

அன்று சாயங்காலம் அவர் டேப்போடு பக்கத்து வீட்டுக்குப் போனதும், கட்டிலை அளந்ததும், "நீங்க சுவத்தை ஒட்டிப் படுத்தா அடிக்குரல் குழம்பும், ஒன்றரை அடி தள்ளிப் படுக்கணும்" என்று சொன்னதும் அவர் குணத்துக்கு இயல்பு. ஆனால் செல்வமேரி சொன்னதுதான் எதிர்பாராதது. "ஒன்றரை அடி நேத்தே போட்டுப் பாத்தேன். ஒன்னேகால்தான் செட்டாவுது," என்றார்.

மறுவாரம் ரமா காய்கறிப் பையோடு படியேறும்போது எலியேசர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"கட்டில் இப்ப ரூமு நட்டநடுவுல கீது டீச்சர். பயிற்சி குடுக்கறவரு உள்ள வர முடியாம வாசல்லயே நின்னு சொல்லிக்குடுக்கறாரு. இப்ப இன்னான்னா, தலகாணி ரெண்டு போதுமா மூணு வேணுமான்னு ஆராய்ச்சி நடக்குது. உங்க சாரும் அங்கதான் கீறாரு."

ரமா பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். மேலே கட்டில் கால் தரையில் உராயும் சத்தம் கேட்டது.

இப்படித்தான் இந்த இனம் பெருகுகிறது. ரத்த சம்பந்தம் வேண்டாம். சுவர் சம்பந்தம் போதும்.

நமக்கென்ன, நாம் ஸ்பீக்கரா வாங்கினோம் என்கிறீர்களா? நடைப்பயிற்சிக்கு ஷூ வந்துவிட்டது, அதற்கேற்ற சாக்ஸ் வந்துவிட்டது, அடியை எண்ணிச் சொல்கிற வாட்ச் வந்துவிட்டது, நடப்பது மட்டும் மழை விட்டதும் என்று வைத்திருக்கிறீர்கள். பரவாயில்லை, அதை விடுங்கள். இதைப் படிக்க உட்கார்ந்தபோது கண்ணாடியைத் துடைத்தது, பாதியில் எழுந்துபோய் ஃபேனை மூன்றிலிருந்து இரண்டுக்குக் குறைத்தது, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சின்னதாக்கியது, இதெல்லாம் யார் செய்தது என்று நான் கேட்கப்போவதில்லை. உங்களை அந்த இனத்தில் சேர்க்க எனக்கு என்ன அதிகாரம்?

ஆனால் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தலையணை, இங்கிருந்து பார்த்தால், லேசாக இடப்பக்கம் சாய்ந்திருப்பது போலத் தெரிகிறது.